தண்ணீர் தெரியாத பெட்டி

கனிம சர்வே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லிப் போன வாரம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாலை போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள், நானும் ஏதேதோ பேசினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று உறைத்தது. அதனால் எழுதி அனுப்புகிறேன். இந்தப் பத்து வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தாயிற்று. இந்த விஷயத்தை நினைத்தாலே எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

கருவியை எப்படிப் பிடிப்பது, எண்ணிக்கையை எப்படிக் குறிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவருடைய காட்டுக்குள், அதாவது அவருடைய புஞ்சைக்குள், நுழைகிறீர்களே, அப்போது அவர் உங்களை யாரென்று நினைக்கிறார் என்பதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதி. எனக்கு இருபத்து நாலு வயது. அருப்புக்கோட்டையில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பௌதிகம் படித்த திமிரில் கடையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பாறைகளில் கதிர்வீச்சுக் கனிமம் தேடும் ஒரு சர்வே குழுவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். எங்கள் முகாம் திருச்சுழியில் இருந்தது. குழுவுக்குத் தலைவர் ஒரு நிலவியல்காரர். அவரை நாங்கள் ‘சார்’ என்று மட்டும்தான் கூப்பிட்டோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அன்றைய கருவி ஒரு இரும்புப் பெட்டி. தோளில் மாட்ட ஒரு வார், கையில் பிடிக்க ஒரு குழாய், காதில் வைத்துக் கேட்க ஒரு ஹெட்போன். குழாயில் கதிர் விழும்போதெல்லாம் காதில் ‘டக்’ என்று கேட்கும். எந்த மண்ணில் நின்றாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். நல்ல பாறையின் மேல் போனால் சத்தம் நெருக்கும். வெயிலில் பாட்டரி சோர்ந்துபோகும், நானும் சோர்ந்துபோவேன். மூன்று வாரம் அலைந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், பரளச்சியிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி ஒரு காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். மழை பொய்த்து வெடித்துக் கிடந்த கரிசல். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மண் சிவந்து, இளஞ்சிவப்பாக ஒரு பாறை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. குழாயை அதன்மேல் நீட்டியதும் சட்டியில் கம்பு பொரிவதைப் போலக் காதில் பொரிந்தது. அங்கேயே ஒரு குதி குதித்தேன். பையிலிருந்து சுண்ணாம்பு பூசிய முளைக்குச்சியை எடுத்துப் பாறையை ஒட்டி அடித்தேன்.

காட்டுக்காரர் வேலுச்சாமி வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றால் முதலில் நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்க நடப்பார். எந்த இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கிறதோ அந்த இடத்தில் முளை அடிப்பார்கள். நானும் காடு முழுக்க நடந்திருந்தேன். ஓரிடத்தில் நின்றேன், குதித்தேன், முளை அடித்தேன். போதாததற்கு என் கையில் இருந்தது சர்க்கார் பெட்டி.

“தம்பி, தண்ணி இருக்கா?” என்று வேலுச்சாமி கேட்டார்.

நான் மளிகைக் கடைக்காரன் மகன், பட்டணத்திலிருந்து வந்தவன் இல்லை. அவர் என்ன நினைத்துக் கேட்கிறார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இல்லை அண்ணே, நாங்க தேடுறது வேற என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால், வேற என்ன தேடுறீக என்று அடுத்த கேள்வி வரும். தேடுவது என்னவென்று ஊர்க்காரர்களிடம் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அவர் மனைவி சீனியம்மாள் ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கையில் கொடுத்திருந்தார். குடித்துக்கொண்டே தலையை ஆட்டி வைத்தேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல். நான் பொய் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ள அது போதுமாக இருந்தது. மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பங்குனியில் பாறைத் துண்டு எடுப்பதற்காக சாரும் நானும் ஜீப்பில் அங்கே திரும்பப் போனோம். நான் முளை அடித்த இடத்தில் ஒரு கிணறு இருந்தது. கிணறு என்றால் தண்ணீர் இல்லாத கிணறு, இருபத்தைந்து அடி ஆழத்துக்கு வெட்டிய பாறைக் குழி. உள்ளே வேலுச்சாமி கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார். சீனியம்மாள் கல்லுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். என் முளைக்குச்சிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கரையில் நட்டிருந்தார்கள். 

சார் ஜீப்பிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம். “புதுப் பாறை வெளியே வந்திருக்கு பார். நாம குழி வெட்டுற வேலை மிச்சம். இன்னும் பத்தடி போகட்டும், வந்து எடுத்துக்குவோம்.”

“சார், அவுக தண்ணிக்குத் தோண்டுறாக.”

“நாம தோண்டச் சொன்னோமா?”

“நான் தலைய ஆட்டிட்டேன் சார்” என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சொல்லுன்னு நான் சொல்லல. சொல்லாதேன்னும் சொல்லல. சாயந்திரம் ஜீப் வரும்” என்றார். என்னையும் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, அவர் செய்ததும் நான் ஆட்டிய அதே ஆட்டல்தான்.

கிணற்றை மூன்று சுற்றுச் சுற்றினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். தொழுவத்துப் பக்கம் போனால் கட்டுத்தறி காலியாகக் கிடந்தது. வெடி வைக்கிறவருக்குக் கொடுப்பதற்காக உழவு மாட்டு ஜோடியை விற்றுவிட்டார்கள் என்று சீனியம்மாள் சாதாரணமாகச் சொன்னார். தண்ணீர் வந்துவிட்டால் மிளகாய் போட்டு அடுத்த வருஷமே மாடு பிடித்துவிடலாமாம். வராவிட்டால்?  மாடு இல்லாமல் உழ முடியாது, உழாமல் அந்த ஊரில் இருக்க முடியாது. அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தது என் தலையாட்டலை நம்பி. சாயந்திரம் வரை சும்மா நின்றுவிட்டு ஜீப்பில் ஏறிப் போயிருக்கலாம். அந்த ஆசையும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

வேலுச்சாமி கஞ்சி குடிக்க மேலே ஏறி வந்ததும் சொன்னேன். “அண்ணே, இந்தப் பெட்டிக்குத் தண்ணி தெரியாது.”

அவர் சிரித்தார். “வெளையாடாதீக தம்பி.”

“வெளையாடலண்ணே.”

“பின்ன அன்னைக்கு என்னத்துக்குக் குதிச்சீக?”

இனிமேல் உத்தரவாவது ஒன்றாவது. கரையில் கிடந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். “இந்தக் கல்ல உடைச்சு, உடைச்சதையும் உடைச்சு, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போய்க்கிட்டே இருந்தா கடைசில ஒரு துணுக்கு நிக்கும்ணே. அதுதான் அணு. கல்லு, மண்ணு, நீங்க, நான் எல்லாமே அதால ஆனதுதான்.”

“குண்டு போட்டாகளே, அந்த அணுவா?” என்று சீனியம்மாள் கிணற்றை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

“அது வேற விவகாரம்க்கா. இது வெடிக்காது, பயப்படாதீக. அந்த அணுவுக்கு நடுவுல ஒரு கரு இருக்கு. உங்க ஊருக் கண்மாய ஒரு அணுன்னு வச்சுக்கங்க. கண்மாய்க்கு நட்டநடுவுல ஒரு கடுகு கிடந்தா எப்படி, அம்புட்டுத்தான் கரு. ஆனா கனம் பூராவும் அந்தக் கடுகுலதான். கண்மாய்க் கரை ஓரம் வரைக்கும் எலக்ட்ரான்னு சில துணுக்கு சுத்தும். அதுக்குக் கனமே இல்லைன்னு வச்சுக்கங்க.”

“மிச்சம் எடத்துல?”

“ஒண்ணும் கிடையாது. வெறும் வெளி.”

வேலுச்சாமி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் நிறுத்தினால் திரும்பத் தொடங்கத் தைரியம் வராது என்று வேகவேகமாகச் சொன்னேன். “கருவுக்குள்ள ரெண்டு தினுசுத் துணுக்கு இருக்கு, புரோட்டான், நியூட்ரான்னு பேரு. சில அணுவுல அது ரொம்பக் கூட்டமா நெருக்கிக்கிட்டுக் கிடக்கும். தாங்காம எப்பவாச்சும் ஒரு கரு சிதறும். சிதறித் தெறிக்கிறது இந்தக் குழாய்ல விழுந்தா டக்குன்னு கேக்கும். இந்தப் பாறைல அந்த மாதிரி அணு கொஞ்சம் கூடுதல். அதுக்குத்தான் குதிச்சேன். தண்ணியோட அணுவுல கரு சின்னது, உறுதியானது, அது சிதறாது. தண்ணி கீழ இருந்தாலும் இந்தப் பெட்டிக்குத் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது.”

 சீனியம்மாள் கடப்பாரையை எடுத்துக் கரையில் கிடந்த பாறைத் துண்டின் மேல் ஓங்கிப் போட்டார். கடப்பாரை ணங்கென்று தெறித்தது.

“எல்லாம் வெறும் வெளின்னு சொல்லுறீக. அப்ப இது ஏன் உள்ள போகல? ரெண்டு மாசமா என் வீட்டுக்காரரு கைத்தோலு உரிய அடிக்கிறாரே, வெறும் வெளியவா அடிக்கிறாரு?”

 பட்டம் வாங்கியிருந்தேன், பரீட்சையில் அணுவின் படத்தை அளவு பிசகாமல் வரைந்திருந்தேன், அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றியதே இல்லை. தெரியலக்கா என்றேன்.

“அன்னைக்கே இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா மாட்ட வித்துருக்க மாட்டமே தம்பி” என்றார். திட்டியிருந்தால் தேவலை. கணக்குத் தப்பாகப் போட்ட பையனிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். 

வேலுச்சாமி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இப்ப நிறுத்தவா, தோண்டவா? அதச் சொல்லுங்க.”

சாயந்திரம் ஜீப் வந்ததும் சாரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிணற்றுக்குக் கூட்டிவந்தேன். நமக்கு அந்த வேலை இல்லை என்று முணுமுணுத்தார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். சுத்தியலால் நாலு பக்கமும் தட்டினார், வெடிப்பு எதுவும் உண்டா என்று தடவித் தடவிப் பார்த்தார். மேலே வந்து வேலுச்சாமியிடம் நேராகவே சொன்னார். “பாறை வெடிப்பில்லாம கெட்டியா இருக்கு. என் அறிவுக்கு எட்டினவரைக்கும் இங்க தண்ணிக்கு வழி இல்ல. மேற்கொண்டு செலவழிக்காதீங்க.” சீனியம்மாள் அன்றைக்கே கடப்பாரையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது சாரிடம் கடப்பாரைக் கேள்வியைக் கேட்டேன். திருச்சுழி நெருங்கும்போது சொன்னார். கடப்பாரையின் கருவும் பாறையின் கருவும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரும்பின் ஓரத்தில் சுற்றும் எலக்ட்ரான்களும் பாறையின் ஓரத்தில் சுற்றும் எலக்ட்ரான்களும் ஒரே மின்னூட்டம் கொண்டவை, அருகில் வந்தால் ஒன்றையொன்று தள்ளும். நம் கைக்குக் கெட்டியாகத் தெரிவது அந்தத் தள்ளல்தான். “உனக்கும் எனக்கும் கேக்கத் தோணல பாத்தியா” என்று அவரே சொல்லிக்கொண்டார். வைகாசியில் வேலுச்சாமி குடும்பம் காட்டைப் போட்டுவிட்டுப் பாளையம்பட்டிக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அவர் ஒரு கடையில் லோடு இறக்குகிறாராம், சீனியம்மாள் பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஷெட்டில் வேலை பார்க்கிறாராம்.

மறு வருஷம் மாசியில் எங்கள் குழுவுக்கே அந்தப் பாறையின் அடியிலிருந்து துண்டு தேவைப்பட்டது. புதிதாக வெட்டுவானேன், வெட்டிக் கிடக்கிற கிணற்றையே ஆழப்படுத்துவோம் என்று முடிவானது. வேலுச்சாமியிடம் ஆள் அனுப்பிச் சம்மதம் வாங்கினார்கள். ஆள் வைத்து வெடி போட்டோம். பழைய ஆழத்துக்குக் கீழே பதினோராவது அடியில் தண்ணீர் பீறிட்டது.

நான் கரையில் நின்று கத்தினேன். எங்கள் ஆட்களுக்கு எரிச்சல். குழி நனைந்துவிட்டது, வேலை கெட்டுவிட்டது. மோட்டார் வைத்து இறைத்தார்கள், இறைக்க இறைக்க ஊறியது. மூன்றாம் நாள், நீர் புகுந்ததால் பணி கைவிடப்பட்டது என்று சார் குறிப்பு எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் பொய்யாகத் தலையாட்டிய இடத்தில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. நான் சொன்ன நிஜமும், சார் மனசாரச் சொன்ன தீர்ப்பும் சேர்ந்து வேலுச்சாமி குடும்பத்தை அங்கிருந்து கிளப்பிவிட்டிருந்தன. பெட்டியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறுதலாக இல்லை.

“போய்ச் சொல்லிட்டு வா” என்றார் சார். “பெட்டிய இங்க வச்சுட்டுப் போ.”

பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. பாதி வழியில் ஒன்று உறைத்தது. அந்தத் தண்ணீர் ஊறி வருவது அந்தப் பாறைக்குள்ளிருந்து. சிதறுகிற அணுக்கள் கொஞ்சம் கரைந்து தண்ணீரோடு கலந்திருந்தால்? சோதனைக்கு ஒரு புட்டி அனுப்பியிருந்தோம், ஆய்வுக்கூடம் வடக்கே எங்கேயோ இருந்தது. முடிவு வருவதற்கு முன்னால் நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிடலாமா? கெடுதல் இருக்க வாய்ப்புக் குறைவு, எதற்கு இப்போதே பயமுறுத்த வேண்டும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் பழைய மோர்ச் சொம்பு ஞாபகம் வந்து உடம்பு கூசியது.

பாளையம்பட்டியில் விசாரித்து, அவர்கள் இருந்த ஒற்றை அறையைக் கண்டுபிடித்தேன். சாயந்திரம் வேலை விட்டு இருவரும் வரும் வரைக்கும் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். வந்ததும் வாசலில் நின்றே எல்லாவற்றையும் கொட்டினேன். தண்ணீர் வந்துவிட்டது, நாங்கள் நிறுத்தச் சொன்னது தப்பாகிவிட்டது, அந்தத் தண்ணீர் இந்த மாதிரிப் பாறையில் ஊறுகிறது, முடிவு வரும் வரை காட்டுக்குப் பாய்ச்சலாம், குடிக்க வேண்டாம்.

வேலுச்சாமி அப்போதே உள்ளே போய்ச் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினார். சீனியம்மாள்தான் கேட்டார். “முடிவு எப்ப வரும்?”

“தெரியலக்கா. ரெண்டு மாசம் ஆகலாம்.”

“சொல்ல வேண்டியது இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?”

“இல்லக்கா. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்.”

மறுநாள் விடிந்ததும் தட்டுமுட்டுச் சாமானோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்த இரண்டு மாதம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. தினமும் திருச்சுழி தபாலாபீசுக்கு நடந்தேன். ஆய்வுக்கூடத்துக்கு நினைவூட்டிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன், சார் சலித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சாப்பாடு இறங்கவில்லை. சித்திரை வெயில் ஏற ஏற எனக்கு அந்த ஊரே கண்ணில் நின்றது.

கடைசியில் கடிதம் வந்தது. தண்ணீரில் கெடுதல் இல்லை, குடிக்கலாம். எடுத்துக்கொண்டு பரளச்சிக்கு ஓடினேன். மச்சினனிடம் இரவல் வாங்கிய மாடுகளைப் பூட்டி வேலுச்சாமி கமலை இறைத்துக்கொண்டிருந்தார். சீனியம்மாள் மண்வெட்டியோடு மிளகாய்ப் பாத்தியில் நின்றார். நான் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, “அண்ணே, குடிக்கலாம்னு வந்துருச்சு” என்று தூரத்திலிருந்தே கூவினேன்.

வேலுச்சாமி மாட்டை நிறுத்தினார். “மொத நாள்ல இருந்தே குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம் தம்பி. இந்த வெயில்ல பக்கத்துல வேற தண்ணி எங்க இருக்கு?”

 கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அம்புட்டுச் சொன்னேனேண்ணே. குடிக்கக் கூடாதுன்னு வந்துருந்தா என்ன செஞ்சிருப்பீக?”

“நீங்க வந்து சொல்லிருப்பீக, அன்னைக்கு நிறுத்திருப்போம்” என்றார் சீனியம்மாள்.

“நான் வருவேன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

“பாளையம்பட்டிக்குத் தேடி வந்தீகள்ல” என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த பாத்திக்கு மடையைத் திருப்பினார்.